ரெய்ஸா, யாரிஸ் க்ரொஸா? மண்முனைப் பாலத்தைத் தினமும் கடக்கும் ஒரு ரீச்சருக்குப் பதில்

கேள்வி: அண்ணன், நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போக வர ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றர் வரும், கடைசி 6 கிலோமீற்றர் கிறவல் வீதி. இவ்வளவு காலமும் ஸ்கூட்டியில்தான் போய் வந்தேன். வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தத்தோடு மாமி. வருடத்துக்கு நாலைந்து தடவை கண்டிக்கும் கொழும்புக்கும் போவோம். ஒரு கார் சேலில் டொயோட்டா ரெய்ஸ் 1000 சிசி டர்போவும் டொயோட்டா யாரிஸ் க்ரொஸ் ஹைபிரிட்டும் பார்த்தோம். இரண்டும் ஒரே கொம்பனி, தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஆனால் யாரிஸ் க்ரொஸுக்கு 45 இலட்சம் கூடக் கேட்கிறார்கள். ஹைபிரிட் என்பதால் பெற்றோலில் அதை மிச்சம் பிடித்துவிடலாம், குறைகிற காசுக்கு லீசிங் போடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

தங்கச்சி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வரட்டும். யாரிஸ் க்ரொஸ் நல்ல வாகனம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் உங்கள் பாடசாலைப் பாதைக்கும் கையிலிருக்கும் காசுக்கும் ரெய்ஸ்தான் தோது. அதிலும் உங்களுக்குக் காட்டிய டர்போவை எடுக்க முன், ரெய்ஸ் என்ற பெயரிலேயே வரும் இன்னொரு வகையையும் ஒருக்கால் ஓடிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் மட்டும் கட்ட வேண்டாம், அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கணவர் சொல்லும் பெற்றோல் கணக்கை எடுப்போம், ஏனென்றால் உங்கள் வீட்டு வாக்குவாதமே அதில்தான் நிற்கிறது. பாடசாலை நாட்கள் 200 என்று வைத்தால் 10,000 கிலோமீற்றர், தூரப் பயணங்கள் ஒரு 3,000, ஆக வருடம் 13,000. என்னுடைய கராச்சுக்கு வரும் வாகனங்களில் நான் பார்த்த அளவில் டர்போ ரெய்ஸ் நம்முடைய வீதிகளில் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது, யாரிஸ் க்ரொஸ் ஹைபிரிட் 23 வரை ஓடுகிறது. ஜப்பானில் எழுதிக் கொடுக்கும் கணக்கு இதைவிடப் பெரிது, ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஓடினால் அந்தக் கணக்கு வராது. 14இல் ஓடினால் வருடத்துக்கு 930 லீற்றர், 23இல் ஓடினால் 565 லீற்றர். வித்தியாசம் 365 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்தால் ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். சின்னக் காசு இல்லைதான். ஆனால் 45 இலட்சத்தை இதனால் வகுத்துப் பாருங்கள், 40 வருடம் வருகிறது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த 45 இலட்சத்தை 13 வீத வட்டியில் 5 வருடத்துக்கு லீசிங் போட்டால் மாதத் தவணை ஒரு இலட்சத்தைத் தாண்டும். வருடம் முழுக்க ஓடி மிச்சம் பிடிக்கிற பெற்றோல் காசு அந்த லீசிங்கின் ஒரு மாதத் தவணைக்குத்தான் காணும். மற்றப் பதினொரு மாதத்துக்கும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கணவரைக் குறை சொல்லவில்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தில், இரவு முழுக்க பெற்றோல் செட்டில் படுத்துக் கிடந்தவர்கள் எல்லாருடைய மனதிலும் ஹைபிரிட் என்ற சொல் ஆழமாக விழுந்துவிட்டது. அந்தக் காலம் திரும்பி வந்தால் ஒரு லீற்றர் என்பது காசைவிடப் பெரிய விடயம், அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இன்னொரு வகை ரெய்ஸைப் பாருங்கள் என்றேன்.

தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றுபோல இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், முன்பக்கம் இரண்டுக்கும் டொயோட்டா முத்திரை, இரண்டும் கொஞ்சம் எழும்பி நிற்கும் வாகனங்கள். ஆனால் பிறந்த வீடு வேறு. ரெய்ஸ் 2019 நவம்பரில் ஜப்பானில் வந்தது, அதை வடிவமைத்ததும் செய்வதும் டொயோட்டாவின் துணைக் கொம்பனியான டைஹட்சு. டைஹட்சு ரொக்கி என்று விற்கப்படுவதும் இதுவே, முகம்தான் கொஞ்சம் வேறு. சின்ன வாகனம் செய்தே பழகின கைகள் என்பதால், நீளம் 4 மீற்றருக்குள், அகலம் 1,695 மில்லிமீற்றர், பாரம் ஒரு தொன் அளவில் என்று அடக்கி, அதற்குள் இருக்கைக்கு எவ்வளவு இடம் எடுக்கலாமோ அவ்வளவும் எடுத்திருக்கிறார்கள். யாரிஸ் க்ரொஸ் 2020 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது, அது டொயோட்டாவே செய்தது, யாரிஸ் காரின் அடித்தளத்தில் எழுந்தது. நீளம் 4,180, அகலம் 1,765, எஞ்சின் 1,500 சிசி. நிலத்திலிருந்து அடிப்பகுதிக்கு உள்ள இடைவெளி ரெய்ஸில் 185 மில்லிமீற்றர், யாரிஸ் க்ரொஸில் 170. பெரிய வாகனத்துக்கு இடைவெளி குறைவு என்பதைக் கவனியுங்கள். கிறவல் வீதியில் மழைக்குப் பிறகு டிப்பர் ஓடி விழுந்த தடத்தில் நடுமேடு உயர்ந்து நிற்குமே, அங்கே இந்த ஒன்றரைச் சென்ரிமீற்றரின் அருமை தெரியும்.

இன்னொன்று, யாரிஸ் க்ரொஸ் என்ற அதே பெயரில் 2023 முதல் தென்கிழக்காசிய நாடுகளில் விற்கப்படுவது வேறொரு வாகனம். நீளம் 4,310 மில்லிமீற்றர், அடித்தளமும் வேறு, எஞ்சினும் வேறு. இணையத்தில் அதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஜப்பான் வாகனத்துக்கு விலை பேசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், நீங்களும் அப்படி மயங்கிவிட வேண்டாம்.

இனி ரெய்ஸ். அது ஒரு வாகனம் என்று நினைக்காதீர்கள், ஒரே சட்டைக்குள் மூன்று வகை. முதலாவது 996 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, உங்களுக்குக் காட்டியது. இரண்டாவது 1,196 சிசி சாதாரண பெற்றோல். மூன்றாவது அதே 1,200 சிசி அளவில் வரும் ஈ-ஸ்மார்ட் ஹைபிரிட், 2021 நவம்பரில் வந்தது. அந்த நவம்பரில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஜப்பானில் டர்போ எஞ்சினை நான்கு சக்கர இயக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு சக்கர இயக்கத்துக்கு மற்ற இரண்டு எஞ்சின்களையும் கொடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் நமது நாட்டில் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு வருபவை பெரும்பாலும் அண்மைய வருடங்களில் செய்த வாகனங்கள் என்பதால், ஜப்பானிலிருந்து வந்த டர்போ ரெய்ஸ் உங்கள் கண்ணில் பட்டால் அது நான்கு சக்கர இயக்கமாகத்தான் இருக்கும். 1000 சிசிக்குக் குறைந்தால் வரி குறைவு, அதனால் சேல்காரர்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள்.

நான்கு சக்கரமும் இழுத்தால் கிறவலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் ஜப்பானில் ஒரு சின்னக் காருக்கு மேலதிகக் காசு கொடுத்து நான்கு சக்கர இயக்கம் வாங்குகிறவர் யார் என்று யோசியுங்கள். பனி கொட்டும் ஹொக்கைடோ, அஒமோரி, நீகாட்டா பக்கத்து ஆட்கள். அங்கே மாரியில் வீதியில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள், அந்த உப்பு வாகனத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

போன பங்குனியில் ஒருவர் அப்படி ஒரு டர்போ ரெய்ஸை என்னிடம் கொண்டுவந்தார், வாங்கி இரண்டு மாதம். மேலே பார்த்தால் கண் கூசும் வெள்ளை, உள்ளே புதுச் சீற்றின் மணம் கூடப் போகவில்லை. ராம்பில் தூக்கி ரோச் லைட்டை அடித்தேன். பின் அச்சைப் பிடிக்கும் போல்ட் தலைகள் ஒவ்வொன்றும் பேரீச்சம்பழ நிறம். சைலன்சரின் ஒட்டுகளில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது, திருகாணிச் சாவியின் முனையால் தட்டினேன், ஒரு துண்டு என் நெற்றியில் விழுந்தது. பிறேக் குழாய் ஓடுகிற இடத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். அந்த மனிதர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. கறுப்புப் பூச்சுக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் துடைத்துக் காட்ட, மோட்டார் சைக்கிளில் வந்திருந்த அவருடைய மகன்தான் “அப்பா, வாங்க முன் கேட்டிருக்கலாம்” என்றான். அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது. எல்லா நான்கு சக்கர ரெய்ஸும் இப்படி இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, நல்ல நிலையில் வந்தவையும் என் ராம்பில் ஏறியிருக்கின்றன. ஆனால் ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஏற்கெனவே உப்புப் பிடித்து வந்த இரும்பு இந்தக் காற்றில் கெதியாகப் போகும். ராம்பில் ஏற்றாமல் ஒரு நான்கு சக்கர ரெய்ஸுக்குக் காசு கொடுக்கக் கூடாது.

உங்கள் பாதையில் நான்கு சக்கர இயக்கம் தேவையா என்று கேட்டால், மாரியில் ஒரு பத்துப் பதினைந்து நாள் உதவும். மற்ற நாட்களில் அந்தப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். சேறு மிதமிஞ்சிப் போகிற நாளில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எந்தச் சின்ன வாகனமும் போகாது, அது உங்களுக்கே தெரியும். கணவர் வயல் வட்டைக்குள் வாகனத்தை இறக்க நினைத்தால் இரண்டையும் மறந்துவிடுங்கள், அதற்கு உழவு இயந்திரம்தான்.

ஈ-ஸ்மார்ட் வகையை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அது ஓடும் விதம் உங்கள் நாளுக்குப் பொருந்துகிறது. அதில் பெற்றோல் எஞ்சின் சக்கரத்தைத் திருப்புவதே இல்லை. எஞ்சின் மின்சாரம் மட்டும் உண்டாக்கும், சக்கரத்தைத் திருப்புவது முழுக்க மோட்டார். மண்முனைப் பாலத்தில் ஏறி, கொக்கட்டிச்சோலைச் சந்தியில் மாடு விலகும்வரை நின்று, கிறவலில் மணிக்கு 25, 30இல் ஊருகிற ஓட்டத்துக்கு மோட்டார் மெத்தென்று இழுக்கும், எஞ்சின் பல நேரம் நின்றே கிடக்கும். ஜப்பானியக் கணக்கில் இது லீற்றருக்கு 28 கிலோமீற்றர், நமது ஓட்டத்தில் 20, 21 வரும். 21 என்று எடுத்தால் யாரிஸ் க்ரொஸோடு ஒப்பிட உங்கள் வருட ஓட்டத்துக்கு 55 லீற்றர்தான் கூடப் போகும். பதினாறாயிரம் ரூபாய் அளவில். கணவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நிலத்திலிருந்து உள்ள இடைவெளி டர்போவைப் போலவே 185 மில்லிமீற்றர். ஆனால் இது முன் சக்கர இயக்கம் மட்டும்தான். மலை ஏறும்போது எஞ்சின் தன் பாட்டில் உரத்துச் சத்தம் போடும், வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது, முதல் தடவை கேட்கும்போது ஏதோ உடைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 மே மாதத்தில் டைஹட்சு, ரெய்ஸ் ஹைபிரிட்டுக்கும் ரொக்கி ஹைபிரிட்டுக்கும் செய்த பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததென்று தானே அறிவித்தது. வலப் பக்கத்தைச் சோதித்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் இடப் பக்கத்தின் முடிவைக் கொடுத்திருக்கிறார்கள். விற்பனையை நிறுத்தினார்கள். அந்த வருட டிசம்பரில் விசாரணை இன்னும் விரிந்து 64 மாதிரிகள் வரை போய், தொழிற்சாலைகளே நின்றன. பிறகு 2024இல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இதைச் சொல்லி யாரிஸ் க்ரொஸ் பக்கம் உங்களை இழுக்கப் பார்ப்பார்கள். அதனால் மற்றப் பாதியையும் கேளுங்கள்: 2024 ஜூனில் டொயோட்டா தன்னுடைய சோதனைகளிலும் முறைகேடு இருந்ததென்று ஒத்துக்கொண்டபோது, அப்போது உற்பத்தியில் இருந்து நிறுத்தப்பட்ட மூன்று வாகனங்களில் ஒன்று யாரிஸ் க்ரொஸ். மற்றவை கொரல்லா பீல்டரும் அக்சியோவும். ஆக இந்த விடயத்தில் இரண்டு வீட்டிலும் பிழை நடந்திருக்கிறது. பிள்ளைகளை ஏற்றுகிற வாகனத்தின் சோதனையில் யாரும் இப்படி விளையாடக் கூடாது, எனக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் இதைக் காரணம் காட்டி ஒன்றைத் தள்ளி மற்றதை எடுப்பதில் நியாயமில்லை. மனம் உறுத்தினால் 2024இல் உற்பத்தி மீண்டும் தொடங்கிய பிறகு செய்த வாகனமாகப் பாருங்கள்.

சரி, மாமியின் முழங்காலுக்கு வருவோம், நீங்கள் ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. யாரிஸ் க்ரொஸின் பின் இருக்கை நெருக்கம். முன் சீற்றில் உயரமான ஆள் இருந்தால் பின்னால் முழங்கால் முட்டும், யன்னல் சின்னது, கதவின் பின் ஓரம் சரிந்து வருவதால் தலையைக் குனிந்துகொண்டு காலைத் தூக்கி வைக்க வேண்டும். ரெய்ஸ் வெளியே சின்னது, ஆனால் பின் இருக்கையில் அதைவிடத் தாராளம், கூரை பின்வரை நேராகப் போகிறது. முழங்கால் தேய்ந்த ஆட்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. அதனால் மாமியைக் கூட்டிக்கொண்டு போய், சேல்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, இரண்டு வாகனத்திலும் பின் இருக்கையில் மூன்று தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாம் தரம் அவர் கதவின் எந்த இடத்தைப் பிடித்து எழும்புகிறார் என்று பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. வாங்கிய பிறகு சீற்றுக்குக் கீழே பலகை வைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள்.

யாரிஸ் க்ரொஸ் எங்கே வெல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் பேசியதாகிவிடும். செங்கலடியால் மகாஓயா போய், பதியத்தலாவையால் மகியங்கனை கடந்து கண்டிக்கு மலை ஏறும்போது அந்த வளைவுகளில் அது தரையைப் பிடித்துக்கொண்டு போகிற விதமே தனி. ரெய்ஸைவிட நூறு கிலோவுக்கு மேல் பாரம் கூட, சில்லுகள் அகன்று நிற்கின்றன, உடம்பு இறுக்கம், உள்ளே சத்தம் குறைவு. ஹபரணை, குருநாகல் பக்கமாகக் கொழும்புக்குப் போய் அன்றைக்கே திரும்பி வந்தாலும் நாரி நோகாது. ரெய்ஸில் அதே தூரம் ஓடினால் காற்றுச் சத்தமும் ரயர்ச் சத்தமும் காதில் நிற்கும், லொறி ஒன்று எதிரே வேகமாகக் கடந்தால் ஸ்டியரிங்கில் ஒரு ஆட்டம் தெரியும். டொயோட்டா 1997இல் பிரியஸில் தொடங்கித் திருத்தித் திருத்திக் கொண்டுவந்த ஹைபிரிட் முறையும் யாரிஸ் க்ரொஸில்தான் இருக்கிறது, அதன் வேலை தெரிந்த கைகள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இப்போது நிறைய. ஈ-ஸ்மார்ட்டுக்கு அவ்வளவு அனுபவம் இன்னும் வரவில்லை, இது ஒரு குறைதான். நீங்கள் கிழமைக்கு ஒரு தடவை கொழும்பு போகிறவராக இருந்திருந்தால் கடன் வாங்கியாவது யாரிஸ் க்ரொஸை எடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். வருடத்துக்கு ஐந்து தடவைக்கு, மெதுவாகப் போய், மகாஓயாவில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்.

எதை எடுத்தாலும் மலையிறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். யாரிஸ் க்ரொஸில் கியர்த் தடியை பீ என்ற இடத்துக்கு இழுத்தால் வாகனம் தானே பிடித்து இறங்கும். ஈ-ஸ்மார்ட்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறையும். டர்போவை எடுத்தால், மலை ஏறி நின்ற உடனேயே எஞ்சினை நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றரில் அல்லது ஆறு மாதத்தில், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். பெற்றோல் மூன்றுக்கும் 92 போதும், 95 ஊற்றி வீண் செலவு செய்ய வேண்டாம்.

கிறவல் தூசியை மறந்துவிடாதீர்கள். உன்னிச்சைப் பக்கம் ஓடுகிற ஒரு வாகனத்தின் எயார் பில்டரை நான் கழற்றி மேசையில் தட்டினால் மிளகாய்த்தூள்போல ஒரு சிறு குவியல் விழும். பட்டணத்தில் ஓடுகிறவர் 20,000இல் மாற்றுவதை நீங்கள் 8,000, 10,000இல் கழற்றிப் பாருங்கள். ஹைபிரிட் எடுத்தால் பின் இருக்கைக்குக் கீழே ஒரு சின்ன வலைத்துவாரம் இருக்கும், பற்றரி மூச்சு விடுவது அதால்தான். டொபித்தாள், கல்லடிக் கடற்கரை மணல், பிள்ளைகளின் காலுறை என்று எல்லாமே அந்த வலையில் போய் அடையும், அடைந்தால் பற்றரி சூடேறும். மாதம் ஒருக்கால் துடையுங்கள், பிள்ளைகளையே துடைக்கப் பழக்கினால் இன்னும் நல்லது.

அப்புறம் டிக்கிப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஹைபிரிட் வாகனங்கள் பலவற்றில் ஸ்பெயார் ரயர் இருக்காது, ஒரு போத்தல் ஒட்டுப்பால்போன்ற திரவமும் ஒரு சின்னக் காற்றுப் பம்பும்தான் கிடக்கும். ஆணி ஏறினால் அது உதவும், கிறவல் கல் ரயரின் பக்கத்தைக் கிழித்தால் உதவாது. உங்கள் பாதையில் பொழுதுபட யானை இறங்குகிற இடங்களும் இருக்கின்றன, அங்கே ஒரு பெண் தனியே ரயர் கிழிந்து நிற்கக் கூடாது. ஸ்பெயார் இல்லாவிட்டால் அளவான ஒன்றும் ஜாக்கும் வாங்கி டிக்கியில் போடுங்கள், கொஞ்ச இடம் போகட்டும். விலை பேசும்போதே அதைச் சேல்காரரிடம் கேட்டு வாங்கலாம்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயரமான வாகனம் வாங்கியதும் தண்ணீருக்குள் இறக்கலாம் என்ற துணிவு பலருக்கு வந்துவிடுகிறது. 185 மில்லிமீற்றர் என்பது ஒரு சாண் கூட இல்லை. 2024 நவம்பர் கடைசியில் காரைதீவு, மாவடிப்பள்ளித் தாம்போதியில் உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் வாகனத்தைத் திருப்புங்கள், அன்றைக்குப் பாடசாலைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளப் பாதிப்பு சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தில் உங்கள் கண்ணால் படியுங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இனி அட்வான்ஸ். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார் என்று எல்லாச் சேலிலும் சொல்வார்கள், எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும், வாகனத்துக்கு இனிப் பஞ்சமில்லை. சனிக்கிழமை மாமியையும் கூட்டிக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள், அதே சேலில் ஈ-ஸ்மார்ட் இருந்தால் அதன் விலையையும் கேளுங்கள், டர்போவின் விலைக்குக் கிட்ட வந்தால் ஈ-ஸ்மார்ட், இல்லாவிட்டால் துருப் பார்த்த டர்போ. பிடித்த வாகனத்தின் சேசி நம்பரையும் ஜப்பானில் ஏலத்தின்போது வாகனத்தின் நிலையைக் குறித்துக் கொடுத்த ஒக்சன் ஷீட்டையும் படம் எடுத்து வாருங்கள். சேசி நம்பரின் தொடக்கமே உண்மையைச் சொல்லிவிடும். ரெய்ஸில் ஏ210ஏ என்று தொடங்கினால் நான்கு சக்கர டர்போ, ஏ200ஏ என்றால் இரண்டு சக்கர டர்போ, ஏ201ஏ என்றால் 1,200 பெற்றோல், ஏ202ஏ என்றால் ஈ-ஸ்மார்ட். யாரிஸ் க்ரொஸில் எம்எக்ஸ்பிஜே10 என்றால் இரண்டு சக்கர ஹைபிரிட், எம்எக்ஸ்பிபி10 என்றால் ஹைபிரிட்டே இல்லை, வெறும் பெற்றோல். ஒட்டியிருக்கும் ஹைபிரிட் முத்திரையைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். ஒக்சன் ஷீட்டில் இருக்கும் கிலோமீற்றரும் டாஷ்போர்டில் இருப்பதும் ஒத்துப் போகிறதா, அடிப்பகுதியில் துரு என்று குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷீட் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் அந்த வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நம்பரும் ஷீட்டும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள் தங்கச்சி, பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு சேல்காரர் சம்மதித்தால் திங்கட்கிழமை வாகனத்தை ராம்புள்ள ஏதாவது ஒரு கராச்சில், என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அரை மணித்தியாலம் தூக்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கட்டுங்கள். தூக்கிப் பார்க்கச் சம்மதிக்காவிட்டால் கட்ட வேண்டாம்.